புல்வெளியில் ஒரு முக்காலி

வேதவல்லி மாமி தன் கணவரைவிட நாலு அங்குலம் உயரம். அறுபதுகளில் ஜெர்மனியின் பான் நகரத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்களில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது. ஆரம்பித்து வைத்தவள் நானாகத்தான் இருப்பேன். என் வாய் அப்படி. மூளை செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் தெருமுனையைத் தாண்டியிருக்கும். பின்னால் நடந்ததற்கும் அந்த வாய்தான் காரணம் என்பதால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாமாவின் பெயர் பார்த்தசாரதி. இரண்டு பேரும் திருவல்லிக்கேணிக்காரர்கள். அந்த ஊர்க் கோயில் பெருமாளின் பெயரை ஒருவருக்கும் தாயாரின் பெயரை மற்றவருக்குமாகப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாமா கோயமுத்தூரில் விவசாயத் துறையில் இருந்தவர். 1961-இல் பானில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்: புல். ஆப்பிரிக்காவிலிருந்து காய்ந்த புல் கட்டுக்கட்டாக வரும். அதை இனம் பிரித்து, பெயர் எழுதி, தடித்த தாளில் தைத்து, அலமாரியில் அடுக்க வேண்டும். பதின்மூன்று வருஷம் அதைச் செய்தார். ஆப்பிரிக்காவில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.

தைப்பது மாமியின் வேலை. குழந்தைகள் இல்லாத வீடு. மாலையில் மாமா தாள்களைத் தூக்கிக்கொண்டு வருவார். மூன்றாவது மாடிச் சமையலறை மேஜையில் மாமி ஒவ்வொரு புல்லையும் தாளில் கிடத்தி, தண்டு ஒடியாமல் வெள்ளை நூலால் நாலு இடத்தில் தையல் போடுவாள். அவள் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

"எனக்கு ஜெர்மன் சரியா வராது. ஆனா கென்யாவில இருக்கற ஒவ்வொரு புல்லோட இடுப்பும் எனக்குத் தெரியும்" என்பாள்.

மே மாதம் பானில் லைலாக் என்கிற ஊதாப் பூ கொத்துக் கொத்தாகப் பூக்கும். மாமா யாருக்கும் தெரியாமல் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வருவார். வாசலிலேயே நின்று, "கொஞ்சம் குனி" என்பார். மாமி குனிவாள். அவர் கால் விரல்களில் எழும்பி நின்று அவள் கொண்டையில் செருகுவார். நான் எதிரில் இருந்தால் மாமிக்கு முகம் சிவந்துவிடும். "ஏன் மாமா, ஒரு ஏணி வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்று நான் கேட்பேன். "எதுக்கும்மா ஏணி? அவ குனியறதை நிறுத்திட்டா வாங்கிக்கறேன்" என்பார்.

கென்யாவிலிருந்து புல் அனுப்புபவர்களில் ஒருத்தி ஹாகடோர்ன் அம்மா. ஜெர்மன்காரி, கணவனை இழந்தவள். மாரா நதிக்கு வடக்கே மாட்டுப்பண்ணை வைத்திருந்தாள். ஒரு வருஷம் அவளுடைய மாடுகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கின. மேய்ச்சல் புல்லைப் பொட்டலம் கட்டி மாமாவுக்கு அனுப்பினாள். நடுவே கலந்திருந்த விஷச்செடியை மாமா கண்டுபிடித்து எழுதினார். மாடுகள் பிழைத்தன. அதிலிருந்து ஒன்பது வருஷம் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. பிறகு அவள் பண்ணையின் ஒரு பகுதியில் ஆடம்பரமான கூடாரங்கள் அடித்து, சிங்கம் பார்க்க வருகிற ஐரோப்பியர்களுக்கு விடுதியாக மாற்றினாள். 'நீங்களும் உங்கள் மனைவியும் என் விருந்தாளிகளாக வந்தே தீர வேண்டும்' என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுவாள்.

மாமா ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்பார். 1974 ஜனவரியில்தான், ஜூலையில் போகிறோம் என்று சொன்னார். அந்த ஜூலையில் அவருக்கு அறுபது நிறைகிறது. ஆனந்த வருஷத்தில் பிறந்தவர். அறுபது ஆண்டு சுற்றி ஆனந்த வருஷம் திரும்பி வருகிறது.

"எல்லாரும் சிங்கம் பார்க்கப் போறான். நான் புல்லுப் பார்க்கப் போறேன். முத்தினா செம்பு நிறமா மாறும், காத்தடிச்சா அப்படியே சாயும்னு எழுதியிருக்கா அந்த அம்மா. நான் பார்த்ததெல்லாம் செத்த புல்லு" என்று என் வீட்டில் உட்கார்ந்து சொன்னார். அன்றைக்கு அவர் குரலில் இருந்த ஆசையை நான் இன்னும் மறக்கவில்லை.

மே மாதக் கடைசியில், நிலையத்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பானில் வாத்தியார் ஏது? சமஸ்கிருதம் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் மாணவன் புத்தகத்தைப் பார்த்து மந்திரம் சொன்னான். மயானத்தில் என் கணவர் ரவிச்சந்திரன் மகன் இடத்தில் நின்றார். பத்தாம் நாள் காலை மாமி தானே குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, தாலியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. தைக்காமல் மிச்சமிருந்த புல் தாள்களை மேஜையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஜூன் நடுவில் மாமி சொன்னாள்: "வத்சலா, நான் போறேன் அங்கே."

"எங்கே மாமி?"

"கென்யாவுக்கு. அவர் அந்தப் புல் நிக்கறதைப் பார்க்கணும்னார். நான் பாத்துட்டு வந்து அவர் படத்துக்கிட்ட சொல்லணும். நீ கூட வரியா?"

துக்கம் கழியாத வருஷத்தில் உல்லாசப் பயணமா என்று ஊர் பேசியது. நம்மவர்கள் பத்து வீடு இருந்தாலும் அது ஒரு ஊர்தானே. ரவிச்சந்திரன்தான், "பேசறவங்க பேசட்டும். நீ அவங்களோட போ" என்றார்.

ஹாகடோர்ன் அம்மாவுக்கு விஷயத்தை எழுதிவிடலாம் என்று நான் தாளை எடுத்தேன். மாமி தடுத்துவிட்டாள். "நாம போய்த் தங்கப் போற வீட்டுக்கு முன்னாடியே சாவுக் கடுதாசி அனுப்பறதா? நன்னாவா இருக்கும்? நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் அந்த மாதிரிக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கருப்புக் கரை போட்ட அட்டையை ஜெர்மன்காரர்கள் சாதாரணமாகத் தபாலில் அனுப்புகிறார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் அனுப்பவில்லை.

ஜூலை ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. நைரோபியிலிருந்து ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம் எங்களைப் புல்தரையில் இறக்கிவிட்டது. ஹாகடோர்ன் அம்மா விடுதி வாசலுக்கே வந்து நின்றிருந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், ஆண்பிள்ளைச் சட்டை. பின்னால் வேலையாட்கள் வரிசையாக நின்றார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில் பழச்சாறு. மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு எங்கள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஹெர் டாக்டர் எங்கே?" என்றாள். மாமாவைக் கடிதங்களிலும் அவள் அப்படித்தான் அழைப்பாள்.

அவள் முகம் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் காத்திருந்த முகம். வாசற்படியில் நின்றுகொண்டு, விருந்து வைத்திருப்பவளிடம், வந்ததும் வராததுமாக அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? மாமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"அவர் அடுத்த விமானத்தில் வருகிறார். கொஞ்சம் வேலை."

"செவ்வாய்க்கிழமையா?" என்றாள் அவள். பெரிய நிம்மதி. "நல்லது. செவ்வாய்க்கிழமைதானே ஒன்பதாம் தேதி!"

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மேஜையிலிருந்த பழச்சாறை எடுத்துக் குடித்தாள்.

கூடாரம் என்று பெயர்தான். தரையில் கம்பளம், இரண்டு பெரிய மரக்கட்டில், வெள்ளை வெளேரென்ற படுக்கை, பித்தளைக் குவளையில் வெந்நீர், எழுதுவதற்கு மேஜை. அந்த மேஜையில் ஒரு பூதக்கண்ணாடியும், தண்ணீர் ஜாடியில் அன்று பறித்த புல்லும் வைத்திருந்தார்கள். மாமாவுக்காக. எனக்குப் பக்கத்துக் கூடாரம். நான் மாமியின் காலடியில் உட்கார்ந்து, "தப்பு பண்ணிட்டேன் மாமி. சாயங்காலமே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

மாமி ஜாடியில் இருந்த புல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"வரார்னு சொன்னியே வத்சலா. கேக்கறச்சே நன்னா இருந்தது. இருக்கட்டுமே, ரெண்டு நாள்."

மறுநாள் விடியற்காலையில், எங்களைப் புல்வெளிக்கு அழைத்துப்போக ஜீப் வந்தபோது, மாமி கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். நெற்றியில் குங்குமம். கூடாரங்களைக் கவனித்துக்கொள்ளும் கிப்கோரிர் என்பவர் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், அளவாகப் பேசுபவர். அவருக்கு மாமியின் நெற்றியைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நான்கு நாள் மாமி சந்தோஷமாக இருந்தாள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஜீப்பில் ஜெர்மன்காரர்கள் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் கேமராவைத் தூக்கும்போது மாமி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். புல் உண்மையாகவே செம்பு நிறம். இடுப்பளவு. காற்று வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் அத்தனையும் ஒரே பக்கம் தலை சாய்த்தது. "தாள்ல வெச்சுத் தைச்சப்போ இது இப்படிச் சாயும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். இன்னொரு முறை, "இதைப் பார்த்தா அவர் ஜீப்பை விட்டு இறங்கிடுவார். சிங்கம் இருக்குன்னாலும் கேக்கமாட்டார்" என்றாள். இறங்கியிருப்பார் என்று சொல்லவில்லை. இறங்கிடுவார் என்றாள்.

திங்கட்கிழமை பகலில் ஹாகடோர்ன் அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனாள். சமையல் கூடாரத்துக்குப் பின்னால் கிப்கோரிர் ஒரு சின்ன முக்காலிக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் தோழிக்குத் தெரியக்கூடாது. ஹெர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் மாலை எப்படிக் கட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் உதவ வேண்டும்" என்று ஒரு கடிதத்தை நீட்டினாள். மாமாவின் தட்டச்சு. ஏப்ரல் மாதத் தேதி.

'ஜூலை ஒன்பதாம் தேதி எனக்கு அறுபது நிறைகிறது. எங்கள் வழக்கப்படி அன்று என் மனைவியை நான் மறுபடி மணக்க வேண்டும். அதற்குச் சொந்தக்காரர்கள் கூட்டம் வேண்டும், புரோகிதர் வேண்டும். எங்களுக்கு இங்கே யாரும் இல்லை. உங்கள் புல்வெளி போதும். இரண்டு பூமாலை மட்டும் ஏற்பாடு செய்ய முடியுமா? அவளுக்குச் சொல்ல வேண்டாம். இன்னொன்று: அவள் என்னைவிட உயரம். முதல் கல்யாணத்தில் இரண்டு மணைகளை அடுக்கி அதன்மேல் நின்று மாலை போட்டேன். இப்போது ஒரு சிறிய முக்காலி போதும். மீதிக்கு அவள் குனிந்துகொள்வாள்.'

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடிதம் கையில் இருந்தது, அவள் எதிரில் நின்றாள், வேறு யாரும் இல்லை. கிப்கோரிர் முக்காலியின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி இழைத்தார். ஊரெல்லாம் ஓடுகிற என் வாய் அன்றைக்கு ஓர் அங்குலம் நகரவில்லை. நாரில் முடிச்சு எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாமியிடம் மட்டும், "நாளைக்கு விமானம் வந்துடும் மாமி. இன்னிக்கே சொல்லிடலாமே" என்று கெஞ்சினேன். மாலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள். "காலம்பற நானே சொல்றேன்."

காலையில் சொல்வதற்கு இடமே கிடைக்கவில்லை. ஹாகடோர்ன் அம்மா விடியுமுன்பே மாமியை ஜீப்பில் ஏற்றி நதிப்பக்கம் அனுப்பிவிட்டாள், ஏற்பாடுகள் கண்ணில் படக்கூடாதென்று. நானும் கூடவே போனேன். ஜீப் திரும்பி வந்து நேராக விமானம் இறங்கும் இடத்தில் எங்களை இறக்கியது. புல் நடுவே ஒரு வட்டம் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். வட்டத்தின் நடுவில் முக்காலி. பக்கத்தில் கிப்கோரிர், வெள்ளை உடுப்பில், தட்டில் இரண்டு மாலையோடு. சிவப்புக் காகிதப்பூவும் வெள்ளை அரளியும்.

மாமி முக்காலியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம் அந்த மனுஷரோடு குடித்தனம் செய்தவளுக்கு யார் சொல்ல வேண்டும்?

விமானம் வந்துவிட்டது. இரண்டு ஜெர்மன்காரர்கள் இறங்கினார்கள். முந்தாநாள் முனிச்சில் உலகக் கோப்பை ஜெயித்த உற்சாகத்தில் உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. ஹாகடோர்ன் அம்மா விமானியிடம் ஏதோ கேட்டாள். அவன் பட்டியலைப் பார்த்து இல்லையென்று தலையை ஆட்டினான். அவள் எங்களிடம் திரும்பி வந்தாள்.

விமானத்தைத் தவறவிட்டிருப்பார் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். மாமி என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"என் கணவர் இறந்துவிட்டார்" என்றாள், தன்னுடைய கடைவீதி ஜெர்மனில். "இன்றோடு நாற்பத்துமூன்று நாள்."

அந்த வார்த்தையை மாமி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பானில், மயானத்தில், வந்து துக்கம் கேட்டவர்களிடம் எங்கேயும் அவள் அதைச் சொன்னதில்லை.

ஹாகடோர்ன் அம்மா விமானத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏன் சொல்லவில்லை? நான் நான்கு நாளாக அவர் கட்டிலுக்குத் துண்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். உங்களோடு உட்கார்ந்து அழுதிருப்பேனே" என்றாள். கோபம்தான் அது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் மனம் நோகக்கூடாதென்று நினைத்துக்கொண்டு, அவளுடைய அழுகிற உரிமையைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

மாமி வட்டத்துக்குள் நடந்து போனாள். முக்காலிக்கு எதிரில் நின்றாள். பிறகு, லைலாக் கொத்தோடு அவர் வாசலில் வந்து நிற்கும்போது செய்வாளே, அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். எவ்வளவு குனிய வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். அப்படியே நின்றாள். சுற்றிலும் புல் சாய்ந்து எழுந்துகொண்டிருந்தது.

ஹாகடோர்ன் அம்மாவுக்குத் தாங்கவில்லை. தட்டிலிருந்து ஒரு மாலையை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டேன். "வேண்டாம்" என்றேன். "எங்களில் கணவன் போனவளுக்கு மாலை போடக்கூடாது."

அவள் நின்றுவிட்டாள். மாலை அவள் கையில் தொங்கியது. மாமி இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இரண்டு மாலைகளையும் தானே வாங்கி முக்காலியின்மேல் வைத்தாள். "சரி, போகலாம்" என்றாள்.

மிச்சமிருந்த மூன்று நாளும் அந்த இரண்டு பெண்களும் மரத்தடியில் உட்கார்ந்து மாமாவின் ஒன்பது வருஷக் கடிதங்களைப் படித்தார்கள். ஹாகடோர்ன் அம்மா வாசிப்பாள், மாமி கேட்பாள், இரண்டு பேரும் அழுவார்கள். நான் தள்ளியே உட்கார்ந்திருந்தேன்.

மாமி அதன்பின் நாலு வருஷம் பானில் இருந்தாள். நிலையத்தில் அவளையே புல் தைக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எழுபத்தெட்டில் மெட்ராஸ் திரும்பினாள், அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். கென்யாவிலிருந்து ஒரு கைப்பிடி செம்புப் புல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தைக்க மட்டும் மனம் வராமல் வைத்துக்கொண்டே இருந்தாள். ஊருக்குப் போகிற வாரம்தான் எடுத்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

தாளில் புல்லைக் கிடத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு அந்த அம்மா மாலையைப் போட்டிருந்தா நான் வாங்கிண்டிருப்பேன் வத்சலா. குனிஞ்சுண்டே காத்துண்டிருந்தேன். நீ ஏன் தடுத்தே?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஊசியில் நூல் கோத்து அவளிடம் கொடுத்தேன்.